கண்ணின் பலகணி

கண்ணைப் புகழாதார் இலர். ஆயினும் அக்கண்ணின் முகப்பிலே பளிங்குபோற் கிடக்கும் கருவிழிப் படலத்தை நினைப்பார் மிகச் சிலரே. தெளிவாயிருக்குமளவும் அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. விலங்கியல் பயிலும் யான் பல உயிர்களின் படலங்களை ஒப்புநோக்கி எய்திய வியப்பை ஈண்டு ஒருவாறு உரைக்க விழைகின்றேன்.

முதற்கண் நம் படலத்தை நோக்குவோம். அதன் நடுவிடத்துத் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. அதனுள் மேலணு அடுக்கு, போமன் அடுக்கு, நார்ப்பகுதி, டெசிமே சவ்வு, உள்ளணு அடுக்கு என ஐந்து அடுக்குகள் உள. அத்தடிப்பிற் பத்தில் ஒன்பது பங்கு நார்ப்பகுதியாம். தோலுக்கும் தசைநாணுக்கும் வலிமை தரும் கொல்லாஜென் என்னும் புரதமே அங்கும் இழைகளாய் அமைந்துளது. அங்ஙனமாயின், தோல் ஒளியைத் தடுப்பவும் படலம் அதனை உட்புக விடுவது என்னை? இழைகள் ஒத்த பருமனும் ஒத்த இடைவெளியும் உடையனவாய் அணிவகுத்து நிற்றலே காரணமென 1957-ஆம் ஆண்டில் டேவிட் மாரிஸ் என்னும் அறிஞர் விளக்கினார். நார்ப்பகுதி நீரை ஈர்த்து உப்புமாயின் அவ்வணி குலையும், படலம் மங்கும். உள்ளணுக்கள் ஓயாது நீரை வெளியேற்றி அதனைக் காக்கின்றன.

இனிப் பிற உயிர்களைக் காண்போம். நாய்க்கும் பூனைக்கும் போமன் அடுக்கு இல்லை. அஃதின்றியும் அவற்றின் படலம் தெளிவாகவே விளங்குகின்றது. சுறாமீனின் நார்ப்பகுதியிலோ, அடுக்குகளை ஊடுருவித் தையலிட்டாற்போல ஓடும் இழைகள் உள. ஆதலின் அது எளிதில் உப்புவதில்லை. இமைத்தலறியாப் பாம்பிற்குப் படலத்தின்மேல் ஒளி புகும் செதிலொன்று கவசமாய் அமைந்து, சட்டையுரிக்குங்கால் அதனோடு கழல்கின்றது.

நிலத்தில் வாழும் நமக்கு ஒளியை வளைக்கும் தொழிலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் படலமே செய்கின்றது. நீருள் அவ்வாற்றல் பெரும்பாலும் ஒழியும். கிணற்றில் மூழ்கிக் கண் திறந்தார்க்கு யாவும் கலங்கித் தோன்றுவது இதனாலேயே. மீன் அக்குறையை உருண்டை வில்லையால் ஈடுசெய்கின்றது. நீரிலும் நிலத்திலும் பார்க்கவேண்டிய பெங்குவினுக்கோ படலம் தட்டையாய் அமைந்தமையால், இழப்பது சிறிதேயாம்.

ஒரு வேற்றுமை என் உள்ளத்தை மிகத் தொட்டது. முயலின் உள்ளணுக்கள் ஊறுபட்டால் அவை பெருகிக் குறையை நிரப்பும். மனிதர் இழந்தவையோ அங்ஙனம் மீள்வதில்லை. களத்தில் நெல் தூற்றுங்கால் பதரொன்று தெறித்துப் புண்ணாகி, என் அத்தையாரின் வலக்கண்ணில் வெண்மை படர்ந்தது. “ஆட்டுக் கண்ணில் ஒரு துண்டெடுத்து ஒட்டலாகாதா, தம்பி?” என அவர் வினவினார்.

அவ்வினா பேதைமையுடையதன்று. 1838-இல் நியூயார்க்கில் கிஸ்ஸம் என்னும் மருத்துவர் பன்றியின் படலத்தை ஒருவர் கண்ணிற் பொருத்தினார், அது நிலைக்கவில்லை. 1905-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், மொரேவியா நாட்டு ஒலோமௌச் நகரில், சுண்ணாம்பினாற் கண்கெட்ட தொழிலாளி ஒருவர்க்கு எடுவார்ட் சிர்ம் மனிதப் படலத்தைப் பொருத்தினார். அது தெளிவாய் நிலைத்தது. பன்றியின் கொல்லாஜெனைத் தூய்மைசெய்து படலம் சமைக்கும் முயற்சிகளும் இந்நாளில் நடைபெறுகின்றன. எனினும் என் அத்தையார்க்கு ஒளியளித்தது, இறந்துபட்ட ஒருவரின் படலமே. அவர் யாவர், எவ்வூரினர் என்பதை யாம் அறியோம். அத்தையார் இன்று முறத்தில் அரிசியிட்டுத் தாமே கல் பொறுக்குகின்றார்.

இயற்கை ஒவ்வோர் உயிர்க்கும் அதன் வாழ்க்கைக்கேற்ற பலகணியை அமைத்துள்ளது. தம் பலகணியைப் பிறர்க்கு ஈந்து செல்லும் உரிமையோ மனிதர்க்கே வாய்த்தது. இறந்தபின் 6 மணி நேரத்துள் எடுத்தல் வேண்டுமாதலின், அவ்விருப்பத்தை வீட்டார்க்கு முன்னரே உரைத்தல் நலம். மாணவ நண்பர்காள்! யான் என் இல்லத்தார்க்கு உரைத்துவிட்டேன், நீவிரும் உரைப்பீராக.