ஐம்பது பைசா பிசினஸ்!

பி.காம். படித்தவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் மனசுக்குள் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று எழுத ஆரம்பித்துவிடுவான். கல்யாணத்துக்குப் போனால்கூட மொய்யையும் சாப்பாட்டையும் டேலி பண்ணிப் பார்ப்பான். எனக்கும் அந்த வியாதி உண்டு.

அப்படிக் கோடு கிழித்து நான் மிரண்டுபோன இடம், நம்ம தபால் இலாகா!

போஸ்ட் கார்டு விலை 50 பைசா. இருபது வருஷத்துக்கு மேலாக அதேதான். 50 பைசாவைப் பெட்டிக்கடையில் நீட்டிப் பாருங்கள், கடைக்காரர் மியூசியத்துக்கு வழி சொல்வார். அந்தக் காசுக்குக் கன்னியாகுமரியில் போட்ட கார்டைக் காஷ்மீரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எந்த முதலாளி இப்படி பிசினஸ் பண்ணுவான்?

விளைவு? 2018-19ல் பற்றாக்குறை சுமார் 15,000 கோடி ரூபாய். வருகிற பணத்தைச் சம்பளமும் பென்ஷனுமே விழுங்கிவிடுகின்றன. கடிதத்தை செல்போன் தின்றுவிட்டது. தந்தி 2013-லேயே மூச்சை நிறுத்திக்கொண்டது. பதிவுத் தபாலும் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு ஐக்கியமாகிவிட்டது.

"இழுத்து மூட வேண்டியதுதானே!" என்பார்கள் நம்ம ஆபீஸ் கேன்டீன் பொருளாதார மேதைகள்.

கொஞ்சம் இருங்க ஸார்!

நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் தபால் ஆபீஸ்கள். பெரும்பாலும் கிராமங்களில். அவற்றை ஓட்டுகிறவர்கள் 'கிராமின் டாக் சேவக்'குகள். 'தினம் நாலைந்து மணி நேர வேலைதான். பிழைப்புக்கு வேறு வழியும் வைத்துக்கொள்' என்பது சர்க்கார் விதி. கிளை ஆபீஸுக்கு இடமும் போஸ்ட் மாஸ்டரே பார்த்துத் தரணும். பல ஊர்களில் அது அவர் வீட்டுத் திண்ணை! 2018-ல் இரண்டு வாரத்துக்கு மேல் ஸ்டிரைக் செய்த பிறகுதான், கிளை போஸ்ட் மாஸ்டரின் அடிப்படை ஊதியம் மாசம் 12,000 ரூபாயில் தொடங்கியது. மற்ற தபால் ஊழியர்களைப் போல பென்ஷன்? கிடையாது.

என் பாட்டிக்கு முதியோர் பென்ஷன் மணியார்டரில் வந்த காலம். எங்க ஊர் தபால்கார அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து, கைநாட்டு வாங்கி, கண் தெரியாத கிழவிக்கு நோட்டை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி எண்ணிக் கொடுப்பார். அந்தப் பத்து நிமிஷத்தை எந்த லெட்ஜரில் ஏற்றுவது?

நஷ்டம் நிஜம்தான். கார்டு விலையை ஏற்றட்டும். பார்சலில் தனியாரோடு மல்லுக்கு நிற்கட்டும். ஆனால் பாலன்ஸ் ஷீட்டில் 'கடன் கொடுத்தவர்கள்' என்று ஒரு பட்டியல் போடுவோமே... தபால் இலாகா அதை நேர்மையாக எழுதினால், முதல் பெயர் திண்ணை கொடுத்தவருடையதாகத்தான் இருக்கும்.