இருந்தும் இல்லாத பிஎன்ஜி

எழுபதுகளில் வந்த ஒரு சிற்றிதழ். தோழியின் அம்மப்பா வைச்சிருந்த ஒரே பிரதி. தாள் விளிம்பு தொட்டாலே உதிருது. சனிக்கிழமை திருப்பிக் குடுக்கோணும். நாற்பது பக்கத்தையும் தட்டச்சு செய்யப் பஞ்சிப்பட்டுத்தான் நாங்கள் இந்த வேலையில் இறங்கினம்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரிச்செடுக்க டெசராக்ட் இருக்கு. எண்பதுகளில் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது. எங்கட உபுண்டு 20.04 நாலாம் பதிப்பைத்தான் தரும். எங்களுக்கு ஐந்து வேணும். மூலநிரலிலிருந்து கட்டுவம் எண்டு வெளிக்கிட்டம்: தமிழ்ச் சிறப்புக்கலைக்காரர் மூண்டு பேர், ஒரு லப்டொப்.

முதல் தடங்கல் நேர்மையானது. படங்களைக் கையாளும் லெப்டோனிக்கா இல்லை என்று சொல்லி, டெசராக்ட் அந்த இடத்திலேயே நிண்டுட்டுது. அதையும் மூலநிரலிலிருந்து கட்டினம். பிறகு எல்லாம் ஓடிச்சுது, தேத்தண்ணி குடிச்சம். முதல் பக்கத்தைக் குடுத்தால், பிஎன்ஜி படத்தை வாசிக்கும் வசதியே இல்லை என்று பிழை.

அதே படம் அதே லப்டொப்பில் சொடுக்கினால் வடிவாத் திறக்குது! பிஎன்ஜி இல்லையெண்டால் அதெப்பிடி? எங்களில் ஒருத்தி டெசராக்டை மூண்டு தரம் அழிச்சுக் கட்டினாள். இன்னொருத்தன் ஸ்கானரைச் சந்தேகப்பட்டான்.

விடியப்புறம் கணினி படிக்கிற அண்ணா ஒருவரிடமிருந்து குரல்பதிவு வந்தது: "தங்கச்சி, லெப்டோனிக்கா கட்டேக்க அது சொன்னதை வாசிச்சனீங்களோ?"

வாசிக்கேல்லை. உருட்டிப் பார்த்தால், நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் 'லிப்பிஎன்ஜி: இல்லை' என்று ஒரு வரி. லெப்டோனிக்கா இதுக்காகக் கோவிச்சு நிக்காது; அந்த வசதியை விட்டுப்போட்டு மிச்சத்தைக் கட்டிவிடும். படம் பார்க்கத் தேவையான லிப்பிஎன்ஜி ஏற்கெனவே இருந்தது. அதை வைச்சு இன்னொன்றைக் கட்டத் தேவையான தலைப்புக் கோப்புகள்தான் இல்லை. அவை 'டெவ்' என்று முடியும் வேறொரு பொதியில் வரும். ஒரு குறளுக்கு மூண்டு பக்கம் உரை எழுதுற நாங்கள் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போயிருந்தம்.

லிப்பிஎன்ஜி-டெவ் போட்டு, ஜேபெக்குக்கும் அப்பிடியொன்று போட்டு, லெப்டோனிக்காவை மட்டும் முதலிலிருந்து கட்டினம். மூண்டு தரம் அழிபட்ட டெசராக்டைத் தொடவே தேவைப்படேல்லை.

பக்கம் எழுத்தாக வந்தது. தும்பிக்கை வளைவோட இருக்கிற பழைய 'லை' மட்டும் அதுக்குப் பிடிபடேல்லை, கண்டபடி மாத்தியிருக்கு. அதுகளைக் கையாலதான் திருத்துறம். வியாழன் இரவு, பதினோராம் பக்கம்.