ஏல்றெட் தயங்கிய இடம்

கிறிஸ்தவ அறத்தில் அன்பு அனைவருக்கும் உரியது. பகைவனும் அதற்குப் புறம்பானவனல்லன். நட்போ சிலரைத் தெரிந்தெடுத்து ஏனையோரை விட்டுவிடுவது. எல்லோரையும் நேசிக்கப் பணிக்கப்பட்ட ஒருவன் தன் உள்ளத்தை ஒருவனுக்கு மாத்திரம் திறந்துவைத்தல் எங்ஙனம் தகும்? துறவு மடங்களில் இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று. இருவர் நெருங்கிப் பழகினால் மற்றையோர் மனம் வேறுபடும் என்னும் அச்சத்தால், தனிப்பட்ட நட்பு அங்கு நெடுங்காலம் ஐயத்துடனேயே நோக்கப்பட்டது. அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதெனத் தள்ளிவிடவும் இயலாது. விடுதி வாழ்க்கையை அறிந்த எவரும் அதனை அறிவர்.

மடத்துக்குள்ளிருந்தே இவ்வினாவை எதிர்கொண்டவர் ஏல்றெட். 1110ஆம் ஆண்டளவில் வட இங்கிலாந்திற் பிறந்த அவர், ஸ்கொத்லாந்து மன்னன் முதலாம் டேவிட்டின் அரண்மனையிற் பணிபுரிந்து, 1134ஆம் ஆண்டளவில் யோக்ஷயரிலுள்ள றீவோ மடத்திற் புகுந்தார். 1147 முதல் 1167இல் இறக்கும்வரை அம்மடத்தின் தலைவராகவும் விளங்கினார். நட்புப்பற்றி உரோம அறிஞர் சிசரோ இயற்றிய நூல் இளமையில் அவரை ஆட்கொண்டிருந்தது. துறவு பூண்ட பின்னர் அது முன்போல இனிக்கவில்லை. கிறிஸ்துவின் பெயர் அதில் இல்லையென்பதே காரணம். ஆயினும் அதனை எறிந்துவிடாது, அதன் உரையாடல் வடிவையே தழுவி, 'ஆன்மிக நட்பு' என்னும் இலத்தீன் நூலை அவர் யாத்தார்.

அந்நூலின் முதற் பகுதியில் ஈவோ என்னும் துறவி துணிந்தொரு கேள்வி கேட்கிறார். யோவானின் நிருபம் கடவுளை அன்பு என்கிறதே, அவரை நட்பு என்றுஞ் சொல்லலாமா? ஏல்றெட் தயங்குகிறார். மறைநூலில் அதற்குச் சான்றில்லை. எனினும் அன்பில் நிலைத்திருப்பவனைப்பற்றி அந்நிருபம் கூறுவதை, நட்பில் நிலைத்திருப்பவனுக்கும் உரியதாக்க அவர் பின்னிற்கவில்லை. கடவுள் நட்பே என அவர் அறுதியிட்டுக் கூறியதாகக் கொள்வது அவரைச் சரியாகப் படியாததன் விளைவு. நண்பனைக் கடவுளாக்காமலும், கடவுளுக்குப் போட்டியெனக் கருதி ஒதுக்காமலும் அவரைக் காத்தது அத்தயக்கமே எனலாம்.

இத்தெளிவு வாதத்தால் மட்டும் வந்ததன்று. 'அன்பின் கண்ணாடி' என்னும் முந்திய நூலை அவர் எழுதிக்கொண்டிருக்கையில், சைமன் என்ற சக துறவி இறந்தார். நூல் இடையிலேயே புலம்பலாக மாறிவிடுகிறது. மடத்து ஒழுங்கு பேச்சைத் தடுத்திருந்தது. சைமனின் முகமும் நடையும் மௌனமுமே தம்மிடம் பேசின என்கிறார் ஏல்றெட். துறவி அழலாமா என்போருக்கு, லாசருவுக்காக இயேசு அழுததை நினைவூட்டுகிறார். தத்துவ நூலொன்றில் இத்தகைய பக்கங்கள் அரிதினும் அரிது.

ஈவோவும் நூல் முடியுமுன் இறந்துபோனார். பல ஆண்டுகளின் பின் எழுந்த ஏனைய பகுதிகளில் வோல்ற்றர், கிறேசியன் என்னும் இருவர் உரையாட வருகின்றனர். தொடக்கத்திற் கண்ட வினாவுக்கு விடை அங்கேயே கிட்டுகிறது. பகைவனையும் நேசிக்கலாம், ஆனால் உள்ளத்து இரகசியத்தை அவனிடம் ஒப்படைக்க முடியாது. எனவே நண்பனை ஆராய்ந்தே தெரிதல் வேண்டும். அவ்வாறு தெரிந்த நண்பனுக்காகக் கிறிஸ்துவிடம் மன்றாடும் ஒருவனின் மனம், தன்னையறியாமலே நண்பனிலிருந்து கிறிஸ்துவிடம் கடந்துசெல்கிறது. இங்கு சிலரளவில் நின்றுவிடும் நட்பு, மறுமையில் அனைவரிடத்தும் பரந்து, அனைவரிடமிருந்தும் கடவுளைச் சென்றடையும். ஆகவே ஒருவனிடம் கொண்ட நட்பு ஏனையோரிடமிருந்து திருடியதன்று. அவர்களையும் நேசிப்பதற்கான தொடக்கம்.

அவர் இதனை வாழ்ந்துகாட்டினாரா என்பது நியாயமான கேள்வி. அவருடன் வாழ்ந்த வோல்ற்றர் டானியல் எழுதிய வரலாற்றில் ஒரு காட்சி உண்டு. இறுதி ஆண்டுகளில் நோயால் நலிந்த ஏல்றெட்டுக்குத் தனியே ஒரு சிறு குடில் அமைக்கப்பட்டிருந்தது. இருபது முப்பது துறவிகள் அதனுட் கூடுவர். கட்டிலைச் சூழ்ந்தும் அதன்மேல் ஏறியமர்ந்தும், தாயிடம் மழலைகள் போல அவரிடம் பேசிக்கொண்டிருப்பர். தலைவரின் படுக்கையைத் தொடாதே என்று அவர் ஒருவரையும் எழுப்பிவிட்டதில்லை.