கன்றுக்குட்டியும் நாற்பது பக்க நோட்டும்

தென் மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில் கோயில் முற்றத்திலோ ஊர்ப் பொதுவிடத்திலோ உருண்டையாக ஒரு கல் கிடக்கும். இளவட்டக்கல் என்பார்கள். பொங்கல் சமயத்தில் இன்றும் போட்டி வைத்து அதைத் தூக்குகிற ஊர்கள் உண்டு. குந்தி உட்கார்ந்து கல்லைக் கட்டிப்பிடித்து, தொடைக்கு ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளுக்கு மேலே ஏற்றிப் பின்பக்கமாகப் போட வேண்டும். பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இருக்காது, வழுவழுவென்று இருக்கும். அந்தக் கல்லிடம் ஒரு நேர்மை உண்டு. போன பொங்கலுக்கும் இந்தப் பொங்கலுக்கும் அதன் எடை ஒன்றுதான். தூக்கினாயா, இல்லையா என்பதோடு அதன் கேள்வி முடிந்துவிடும். ஜிம்மில் இருக்கும் ராட் அப்படிப்பட்டதல்ல. இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட்டைச் செருகினால் அது வேறு எடையாகிவிடுகிறது. மாற்ற முடியும் என்று வந்த பிறகுதான் எப்போது மாற்றுவது என்ற தொல்லையும் வருகிறது. எந்தப் பயிற்சி நல்லது, எத்தனை செட் போடலாம், எத்தனை முட்டை தின்னலாம் என்பதையெல்லாம் அலசி ஆராய்கிறவர்கள்கூட எடையை ஏற்றுகிற நாளை மட்டும் அன்றைய உற்சாகத்துக்கும் பக்கத்தில் நிற்பவரின் உசுப்பலுக்கும் விட்டுவிடுகிறார்கள். அதை முடிவு செய்ய வேண்டியது, தூக்கிய எடையும் எண்ணிக்கையும் கையெழுத்தில் நிரம்பிய ஒரு நாற்பது பக்க நோட்டு என்பது என் கட்சி.

இந்தப் பேச்சை எடுத்தால் மைலோவின் கதையைச் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். கி.மு. 6-ம் நூற்றாண்டில், தென் இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறியிருந்த குரோட்டன் நகரத்தில் வாழ்ந்த மல்யுத்த வீரர் அவர். ஒலிம்பிக்கில் 6 முறை வென்றவர். பிறந்த கன்றுக்குட்டி ஒன்றைத் தினமும் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார், கன்று வளர வளர அவர் பலமும் வளர்ந்தது, கடைசியில் முழுக் காளையையே தூக்கினார் என்பது கதை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்ற உண்மையை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. ஆனால் அதே கதைதான் தவறான பாடத்தையும் சொல்லிக்கொடுக்கிறது. அங்கே எடையை ஏற்றுவது மைலோ இல்லை, கன்று. அது அவரைக் கேட்டு வளரவில்லை. புல்லைத் தின்று வளர்ந்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 கிலோ கன்று 4 வருடத்தில் 600 கிலோ காளையாகிறது என்றால் ஒரு நாளைக்கு 400 கிராம்கூட வராது. சின்னதாகத்தான் தெரிகிறது. ஜிம்மில் இதற்குச் சமமான பழக்கம், வாரம் தவறாமல் 2.5 கிலோ ஏற்றுவது. 40 கிலோவில் பெஞ்ச் பிரஸ் தொடங்கியவர் இப்படிப் போனால் 52 வாரத்தில் 170 கிலோவில் நிற்க வேண்டும், இரண்டு வருடத்தில் 300 கிலோவில். எந்த ஊர் ஜிம்முக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள், அங்கே நாலைந்து வருடமாக வருகிறவர்கள் எத்தனையில் நிற்கிறார்கள் என்று. உடம்பு காலண்டரில் தினசரித் தாளைக் கிழித்துக் கிழித்து வளர்வதில்லை.

மைலோவின் கதையைக் கணக்காக மாற்றியவர் என்று தாமஸ் டிலார்மைச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் டாக்டராக இருந்தார். எலும்பு முறிந்தும் முழங்கால் கெட்டும் வந்த சிப்பாய்களின் தொடைச் சதை சூம்பிக் கிடந்தது. லேசான எடையைப் பல தடவை தூக்க வைப்பதுதான் அன்றைய வைத்தியம். இளம் வயதில் காய்ச்சலில் விழுந்து, எடை தூக்கித் தேறியவர் டிலார்ம். எனவே காலில் இரும்புக் காலணியை மாட்டி, கனமான எடையைக் குறைந்த தடவை தூக்கவைத்தார். 1945-ல் அதை எழுதி வெளியிட்டார். 1948-ல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து முறையைச் சுருக்கி, பத்துப் பத்தாக மூன்று செட் என்று வகுத்தார். இன்று எல்லா ஜிம்மிலும் கேட்கிற 'மூணு செட், பத்து ரெப்' அங்கிருந்து வந்ததுதான். பலருக்கும் நினைவில் நிற்பது அந்த மூன்றும் பத்தும் மட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒருவரால் சரியாகப் பத்து முறை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று டிலார்ம் வாரந்தோறும் புதிதாக அளந்தார். முதல் செட்டுக்கு அதில் பாதி, இரண்டாவதுக்கு முக்கால், மூன்றாவதுக்கு முழுசு. அளந்த பிறகுதான் ஏற்றினார். வாரம் ஆகிவிட்டதே என்பது அளப்பதற்கான காரணம், ஏற்றுவதற்கான காரணம் இல்லை. அவரிடம் எடை பலத்துக்குப் பின்னால்தான் வந்தது. ஜிம்மில் நாம் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். பிளேட்டைச் செருகினால் பலம் வரும் என்று.

சரி, பலம் வந்துவிட்டது என்பதற்கு எது சாட்சி? அமெரிக்கப் பயிற்றுநர்களின் பாடநூல்களில் ஓர் எளிய விதி உண்டு: கடைசி செட்டில் இலக்கைவிட இரண்டு ரெப் கூடுதலாக வர வேண்டும், அதுவும் அடுத்தடுத்து இரண்டு முறை வர வேண்டும். வந்தால் ஏற்று. இலக்கு 8 என்றால், கடைசி செட்டில் 10. இதில் எனக்குப் பிடித்தது இரண்டாவது நிபந்தனை. ஒரு நாள் பத்து வந்துவிடுவது பெரிய விஷயமில்லை. முந்தின இரவு நல்ல தூக்கம், மதியம் வயிறு நிறையச் சாப்பாடு, நுழைந்ததும் பிடித்த பாட்டு, எதுவாகவும் இருக்கலாம். இரண்டாம் முறையும் வந்தால்தான் அது நாளின் பலம் இல்லை, ஆளின் பலம். ஆனால் எண்ணிக்கை மட்டும் சாட்சியாகாது, அது எளிதில் விலைபோகிற சாட்சி. பெஞ்ச் பிரஸ்ஸில் எட்டாவது ரெப்பைப் பாருங்கள். முதல் ஐந்தில் நெஞ்சைத் தொட்ட ராட், ஆறாவதில் நாலு விரல் மேலேயே திரும்பிவிடும். ஏழாவதில் இடுப்பு பெஞ்சைவிட்டு எழும்பும். எட்டாவதில் பின்னால் நிற்பவர் 'விடாதே, நீயே தூக்குற, நீயே தூக்குற' என்று கத்திக்கொண்டே இரண்டு விரலால் ராட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பார். அந்த எட்டு, நோட்டில் ஐந்து என்றுதான் ஏற வேண்டும். ஸ்குவாட்டில் இதைவிட மோசம். எடை ஏற ஏற உட்காருகிற ஆழம் குறைந்துகொண்டே வரும், தூக்குகிறவருக்கே தெரியாது. 60 கிலோவில் தொடை தரைக்கு இணையாகப் போனவர் 90 கிலோவில் நாற்காலி நுனியில் உட்கார்வதுபோல் பாதியிலேயே எழுந்துவிடுவார். அவர் பலசாலி ஆகவில்லை, வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். எனவே எண்ணுக்குப் பக்கத்தில் 'பாதி', 'இடுப்பு', 'கை கொடுத்தார்' என்று ஒரு சொல்லாவது எழுத வேண்டும். அந்த ஒரு சொல் கூச்சமாகத்தான் இருக்கும்.

எவ்வளவு ஏற்றுவது என்பதில் ஜிம் சாமான்களே நமக்குக் குழி பறிக்கின்றன. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு தடவைக்கு 2 முதல் 10 சதவீதம் ஏற்றலாம் என்றது. 100 கிலோ ஸ்குவாட்டில் 2.5 கிலோ ஏற்றினால் அது இரண்டரை சதவீதம், பிரச்சினை இல்லை. வெறும் 20 கிலோ ராட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பழகுகிற ஒருவருக்கு அதே 2.5 கிலோ பன்னிரண்டரை சதவீதம். 10 கிலோ டம்பெல்லை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனால் பல இடங்களில் 12.5 தான் இருக்கும். கால் பங்கு ஒரேயடியாகக் கூடிவிடுகிறது. எடையை ரெப்பில் 30-ல் ஒரு பங்கோடு ஒன்றைச் சேர்த்துப் பெருக்கினால் அதிகபட்ச பலம் உத்தேசமாகத் தெரியும் என்று ஒரு கணக்கு உண்டு. எப்லி என்பவரின் பெயரில் வழங்குகிறது. அதன்படி 10 கிலோவில் 12 ரெப் போடுகிறவர் 12.5 கிலோவில் மூன்று, மிஞ்சினால் நான்கு போடலாம். எட்டு போட வேண்டும் என்று நினைத்து எடுத்தவர் நான்காவதில் முதுகை வளைத்து வீசத் தொடங்குவார். தோள் வலி என்று இரண்டு வாரம் கழித்து வருகிறவர்களில் எத்தனை பேரின் கதை இந்தக் கால் பங்கில் தொடங்கியிருக்கும் என்று தோன்றுகிறது. அவரே 10 கிலோவில் பொறுமையாக 15 வரை போயிருந்தால், 12.5-ல் ஆறு கண்ணியமாக வந்திருக்கும். டம்பெல்லுக்கு ஒரு விதி, ராட்டுக்கு ஒரு விதி என்று வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. படி உயரமாக இருந்தால் அதன் அடியில் கூடுதல் நாள் நிற்க வேண்டியதுதான்.

உலகத் தரத்தில் தூக்குகிறவர்களுக்கும் படியின் உயரம் முக்கியம். பளுதூக்கும் போட்டியில் பழைய விதிப்படி எடைகள் பொதுவாக இரண்டரை இரண்டரைக் கிலோவாகத்தான் ஏறின. 2005-ல்தான் அதை ஒரு கிலோவாக்கினார்கள். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியபோது ஸ்நாட்ச்சில் தூக்கியது 149 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179. பழைய விதியின் இரண்டரைக் கிலோ படியில் இந்த இரண்டு எண்ணுமே வராது. அந்த உயரத்தில் ஒரு கிலோவை மதிக்கிறார்கள். தெருமுனை ஜிம்மில் முதல் மாதத்தில் இருப்பவர் 1.25 கிலோ பிளேட்டைப் பார்த்து 'இதெல்லாம் ஒரு வெயிட்டா' என்கிறார். பல ஜிம்களில் அது எங்கோ மூலையில் உருண்டு கிடக்கும், தேடினால்தான் கிடைக்கும்.

இதற்கு வரக்கூடிய முதல் ஆட்சேபம் நியாயமானது. புதிதாக வருகிறவர்களுக்கான திட்டங்கள் பல, ஒவ்வொரு தடவையும் 2.5 கிலோ ஏற்று என்றுதான் சொல்கின்றன. அது பலிக்கவும் செய்கிறது. உண்மை. முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பகுதி சதை பெருத்ததால் வருவதில்லை. இருக்கிற சதையை நரம்பு நன்றாக வேலை வாங்கப் பழகுவதால் வருகிறது. அதனால் தினமும் அளந்தாலும் தினமும் ஏற்றலாம் என்றுதான் விடை வரும். அந்தக் கட்டத்தில் காலண்டரும் நோட்டும் ஒரே பதிலைச் சொல்கின்றன, அவ்வளவுதான். சில மாதத்தில் இரண்டும் பிரியும். பிரிகிற நாளைக் காலண்டர் சொல்லாது. இன்னொன்றும் உண்டு: சதை பலப்படுகிற வேகத்தில் அதை எலும்போடு கட்டுகிற தசைநாண்கள் பலப்படுவதில்லை, அவை மெதுவாகத்தான் வருகின்றன. சதை 'முடியும்' என்று சொன்ன நாளிலேயே முழங்கையும் முழங்காலும் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

அனுபவசாலிகள் வேறு மாதிரி சொல்வார்கள்: நோட்டெல்லாம் எதற்கு, இன்னும் எத்தனை ரெப் மிச்சம் இருக்கிறது என்று உடம்பே சொல்லுமே. பத்து வருடம் தூக்கியவருக்கு உடம்பு சொல்லும். ஓரளவு சரியாகவே சொல்லும். புதியவருக்கு அது இன்னும் பேசக் கற்கவில்லை. எரிச்சல் வந்தவுடன் முடிந்துவிட்டது என்று நினைத்து ராட்டை வைத்துவிடுகிறார். உண்மையில் மூன்று நான்கு மிச்சம் இருந்திருக்கும். அந்த உணர்வைத் தீட்டிக்கொள்ளவும் வழி நோட்டுதான். 'இரண்டு மிச்சம்' என்று எழுதிவிட்டு, அடுத்த தடவை கடைசி செட்டில் முடிகிற மட்டும் போய்ப் பார்த்தால் தன் கணிப்பின் லட்சணம் தெரிந்துவிடும்.

எடையை ஏற்றவே வேண்டுமா, ரெப்பைக் கூட்டினால் போதாதா என்று கேட்பவரும் உண்டு. 2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதையே சோதித்தது: 8 வாரம் ஒரு குழு எடையைக் கூட்டியது, இன்னொரு குழு அதே எடையில் ரெப்பைக் கூட்டியது. சதை வளர்ந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. இதை என் வாதத்துக்கு எதிரானதாக நான் பார்க்கவில்லை. ரெப் கூடுவதும் முன்னேற்றம்தான், எடைக்காக அவசரப்பட வேண்டியதில்லை என்றுதான் அது சொல்கிறது. ஆனால் முப்பது நாற்பது ரெப் என்று போனால் செட் முடிவதற்குள் மூச்சும் சலிப்பும் முந்திக்கொள்ளும். கனத்தைத் தூக்கும் பலம் வேண்டுமென்றால் கனத்தைத்தான் தூக்கியாக வேண்டும்.

அவசரத்தையே பேசிக்கொண்டிருந்தால் எதிர்ப்பக்கத்துத் தவறு மறைந்துவிடும். நோட்டு 'ஏற்று' என்று சொல்லியும் ஏற்றாதவர்கள் அவசரக்காரர்களைவிட அதிகம் என்றே நினைக்கிறேன். உடம்பு முரடாகிவிடும் என்று 3 கிலோ டம்பெல்லோடு வருடக்கணக்காக இருக்கும் பெண்கள், வயதாகிவிட்டது என்று இரும்பைத் தொடவே தயங்கும் அறுபதுகாரர்கள். 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை இருந்தவர்களுக்கு 8 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பஞ்சுப்பொதி எடை இல்லை. அவரவர் அதிகபட்சத்தில் 80 சதவீதம். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆள் பலவீனமானவர் என்பதற்காக எடையை நிரந்தரமாகக் குறைத்துவைப்பதும் காலண்டரைப் பார்த்து ஏற்றுவதைப் போலத்தான். இரண்டிலும் அளக்கிற வேலை நடக்கவில்லை.

ஏற்றிய அன்று ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கும். பத்து வந்துகொண்டிருந்த கடைசி செட்டில் ஆறுதான் வரும். பின்னால் போய்விட்டோமோ என்று பழைய எடைக்கே இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. எடை கூடினால் ரெப் குறையத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரம் ஆறிலேயே நின்றால் யோசிக்கலாம். பத்துச் சதவீதம் இறக்கி மறுபடி ஏறி வரலாம். ஒரு நாள் ஆறுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, எழுதிவைத்தால் போதும். '62.5 – 8, 7, 6.' அதற்கு நேர் மேல் வரியில் '60 – 8, 8, 10' என்றும், அதற்கும் மேலே, தேதி மட்டும் வேறாக, அதே '60 – 8, 8, 10' என்றும் இருக்கும்.