மரத்தில் காது வைத்துக் கேட்பது

இப்போதெல்லாம் லீவுக்கு ஊருக்கு வரும் பட்டணத்துப் பிள்ளைகள் வாயில் அடிக்கடி அடிபடுகிற வார்த்தை ‘மைண்ட்ஃபுல்னெஸ்’. ஆபீஸில் வகுப்பு எடுக்கிறார்களாம், போனில் அதற்கென்று ஆப் இருக்கிறதாம். மூச்சைக் கவனிக்கணும், மனசு எங்கேயாவது ஓடினால் திரும்பக் கூட்டிக்கொண்டு வரணும், அவ்வளவுதான் என்கிறார்கள். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் எடுத்துக்கொண்டது புத்தர் வழித் தியானத்திலிருந்து. ஆக, விஷயம் பழசுதான்.

எனக்குச் சிரிப்பு வருவது அதற்கு அடுத்த பேச்சில். “நீங்க குடுத்து வச்சவங்க சித்தப்பா. வயக்காட்டுல நின்னாலே மனசு அமைதியாயிடும்.”

அப்படியெல்லாம் ஆகாதுப்பா. வரப்பில் நடக்கிறவன் மனசு வரப்பிலேயே இருப்பதில்லை. கூட்டுறவு பேங்க் கடன், நாளைக்கு ஆள் வருமா வராதா, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே காட்டிவிட்டால் என்ன பண்ணுவது... இதெல்லாம் கூடவே நடந்து வரும். பச்சைப் பசேல் என்று இருப்பதெல்லாம் ரோட்டில் போகிறவர்களுக்கு. உள்ளே நிற்கிறவனுக்குப் பச்சை நிறத்திலேயே பத்துக் கவலை தெரியும்.

ஆனால் வயல் ஒன்று செய்யும். கவனமில்லாமல் வருகிறவனை அது சும்மா விடாது. சம்பாவில் புகையான் இறங்கினால் மேலே பார்த்து ஒன்றுமே தெரியாது. குனிந்து, நெல் தூரைக் கையால் விலக்கி, தண்ணிக்குக் கொஞ்சம் மேலே தண்டில் பார்க்கணும். அங்கேதான் பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டு இருக்கும். நின்றபடியே பார்த்துவிட்டுப் போனால், பிறகு வட்டம் வட்டமாகப் பயிர் கருகிக் கிடப்பதைத்தான் பார்க்க வேண்டிவரும். எங்கள் அப்பா சொல்லுவார், “வயலுக்குப் போயிட்டு வர்றது வேற, வயலைப் பாத்துட்டு வர்றது வேற.” அவருக்குத் தியானம் என்ற வார்த்தையே பழக்கமில்லை.

தென்னை இன்னும் கறாரான வாத்தியார். சிவப்புக் கூன்வண்டின் புழு தண்டுக்குள்ளேயே இருந்து தின்னும். வெளியே மரம் நன்றாகத்தான் இருக்கும். சின்ன ஓட்டையில் நார் தள்ளியிருக்கலாம், பழுப்பாகச் சாறு வடிந்திருக்கலாம். அதுவும் கண்ணில் படாவிட்டால் ஒரு வழிதான் உண்டு. மரத்தில் காதை வைத்துக் கேட்கணும். காற்று அடங்குகிற வரைக்கும் காத்திருக்கணும், நம்ம மூச்சையும் கொஞ்சம் அடக்கணும். உள்ளே புழு கறுக் கறுக்கென்று கடிப்பது கேட்கும். கடனை நினைத்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாது. இரண்டில் ஒன்றுதான் காதில் விழும்.

இதை நான் உண்மையாகப் புரிந்துகொண்டது கஜா புயலுக்குப் பிறகு.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய புயல் நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. எங்கள் தோப்பில் 160 மரம். விழுந்தது 131. எந்நேரமும் நிழலாக இருந்த இடத்தில் முழு வெயில் அடித்தது. அதைப் பார்க்கவே கண் கூசியது. எங்கள் பக்கத்தில் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்லுவோம். பிள்ளை என்று சும்மா சொல்வதில்லை. வெள்ளாமை போனால் அடுத்த போகம் வரும். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். விழுந்தது நாற்பது வருஷத்து மரம். அந்த நாட்களில் உயிரையே விட்ட தென்னை விவசாயிகளைப் பற்றிப் பேப்பரில் படித்தோம். படித்துவிட்டு ஒருத்தர் வீட்டை ஒருத்தர் எட்டிப் பார்த்துக்கொண்டோம்.

பக்கத்துத் தோப்புக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்குச் சேதம் என்னைவிட அதிகம். கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் பத்து நாளாகத் தோப்புப் பக்கமே வரவில்லை. சொந்தக்காரர்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். “மனச விட்றாதீங்க” என்றார்கள். “போனது போகட்டும்” என்றார்கள். அவர் எல்லாவற்றுக்கும் “ம்” என்று மட்டும் சொன்னார்.

புயலில் அடிபட்ட மரத்தைக் கூன்வண்டு தேடி வரும். விழுந்து மக்குகிற மரத்தில் காண்டாமிருக வண்டு பெருகும். நின்ற மரங்களையாவது காப்பாற்றணும். எங்கள் ஊரில் மரத்தில் காது வைத்துச் சொல்வதில் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. போய் நின்றேன். ஆறுதல் எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“மாமா, நிக்கிற மரத்துல சத்தம் கேக்குற மாதிரி இருக்கு. எனக்குச் சரியாப் புடிபடல. வந்து கேளுங்க.”

கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தோம். முதல் மரத்தில் காது வைத்தார், இல்லை என்று தலையாட்டினார். இரண்டாவது, மூன்றாவது. நாலாவது மரத்தில் ரொம்ப நேரம் நின்றார். கண்ணை மூடியிருந்தார். “இருக்கு மாப்ள. இடுப்பளவுக்கு மேல, கெழக்குப் பக்கம்” என்றார். பத்து நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். மறுநாள் காலையில் நான் கூப்பிடாமலேயே வந்து, வேப்பம் புண்ணாக்குத் தூளையும் மணலையும் கலந்து குருத்துப் பக்கத்து மட்டை இடுக்கில் வைக்க ஆள் ஏற்றினார்.

இதனால் அவர் துக்கம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். சாயங்காலமானால் திண்ணையில் உட்கார்ந்து அழுவார். கடன் அப்படியே இருந்தது. அரசாங்கம் விழுந்த மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. ஒரு மரத்துக்கு 1,100 ரூபாயை வைத்துக்கொண்டு ஏழு வருஷத்தை எப்படி ஓட்டுவது என்று எந்த மூச்சுப் பயிற்சியும் சொல்லித் தராது. அந்தச் சமயத்தில் எங்களுக்குத் தேவைப்பட்டது ரம்பம், அரிசி, மெழுகுவர்த்தி. அவற்றோடு வந்தவர்களை இன்றைக்கும் மறக்கவில்லை. நொடித்துப் போனவனிடம் போய் ‘மூச்சைக் கவனி’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். கையில் ஏதாவது கொண்டு போங்கள்.

கவனம் செய்தது வேறு வேலை. இழந்தது மொத்தமும் ஒரே பாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு, ஒரு மரத்தின் அளவுக்குக் கொஞ்சம் இடம் விட்டது. அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.

2019-ல் புதுக் கன்று வைத்தோம். அதற்குப் பிறகு காத்திருந்த வருஷங்களையும் இந்த வழியில்தான் கடந்தோம். ஏழு வருஷம் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். வளர்ந்த தென்னை ஏறக்குறைய மாசத்துக்கு ஒரு மட்டை விடும், கன்று அதைவிட மெதுவாக. ஏழு வருஷத்துக்குக் காத்திருக்க முடியவில்லை, அடுத்த குருத்துக்குக் காத்திருக்க முடிந்தது. தினமும் போய் அது எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்ப்பேன். சில நாள் விரல் அளவுகூட இருக்காது. இருந்தாலும் பார்ப்பேன்.

பட்டணத்தில் தோப்புக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பால்கனியில் ஒரு துளசித் தொட்டி போதும். தண்ணி ஊற்றுவதற்கு முன்னால் மண்ணில் விரலை விட்டு ஈரம் பாருங்கள், இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் காலையில் காய் நறுக்கும்போது போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுக் கத்தியையும் காயையும் மட்டும் பாருங்கள். மனசு ஓடத்தான் செய்யும், என் மனசும் ஓடுகிறது. திட்டாமல் கூப்பிட்டுக்கொண்டு வாருங்கள். சுகமாக இருக்கும் நாளிலேயே இதைப் பழகிவைத்தால் நல்லது. புயல் வந்த பிறகு கற்றுக்கொள்ள நேரம் இருப்பதில்லை. மாமாவுக்கு அந்தக் காது முன்பே பழகியிருந்தது.