நன்னாவின் கொறங்காடு

கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் கேள்வி ஒவ்வோர் இல்லத்திலும் எழுகின்றது. இம்முறை நாங்கள் சென்ற இடத்தில் அருவியும் இல்லை, பூங்காவும் இல்லை. முள்வேலியும், காய்ந்த புல்லும், 20 மாடுகளுமே இருந்தன. காங்கேயத்திற்கும் தாராபுரத்திற்கும் இடையே உள்ள என் அத்தாவின் மேய்ச்சல் நிலம் அது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு அவர்களுடைய நன்னாவைக் காட்டுவது மட்டுமே என் நோக்கமன்று. 78 வயதாகும் அத்தாவிடம், மாடுகளை விற்றுவிட்டு எங்களுடன் சென்னைக்கு வந்துவிடுமாறு வற்புறுத்தவே புறப்பட்டேன்.

இரவு இரயிலில் ஈரோடு வந்து, காங்கேயம் வழியாகத் தாராபுரம் செல்லும் பேருந்தில் ஏறினோம். காங்கேயத்தைத் தாண்டியதும் முள்கிளுவை வேலி சூழ்ந்த வெளிகளைக் காணலாம். கொங்கு நாட்டார் இவற்றைக் கொறங்காடு என்பர். மழை குறைந்த இப்பகுதியில் உழவை மட்டும் நம்ப இயலாது என்பதை உணர்ந்த முன்னோர், கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் வளர்த்துக் கால்நடைகளைப் பேணினர். அப்புல் கோடையில் கருகினாலும் வேர் மடிவதில்லை. நல்ல மழை பெய்தால் மீண்டும் தளிர்க்கும். வெள்வேலங்காய்களும் மாடுகளுக்குத் தீனியாகும்.

‘அல்பகரா’ என்றால் பசு என்று மதரஸாவில் பொருள் சொல்லத் தெரிந்த என் பிள்ளைகள், ஒரு பசுவைத் தொட்டறியாதவர்கள். முதல் நாள் படலுக்கு வெளியிலேயே நின்றார்கள். மறுநாள் கட்டுத்தரைக்குள் வந்துவிட்டார்கள்.

“நன்னா, இந்தக் கன்று மட்டும் ஏன் சிவப்பாக இருக்கிறது? தாய் வெள்ளையாக இருக்கிறதே?” என்று மகன் கேட்டான்.

“காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலைதான் கண்ணு. ஆறு மாதத்தில் நிறம் மாறிவிடும்” என்றார் அத்தா. பிறகு ஒரு பசுவின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல்வரிசையில் முன்பற்களே இல்லாததைக் கண்டு மகள் வியந்து போனாள். கீழ்வரிசையில் பால்பல் விழுந்து முளைத்த பற்களை எண்ணி வயதை அறியும் முறையையும் சொல்லிக் கொடுத்தார்.

பால் கறக்கும்போது மகள் கேட்டாள், “நன்னா, இன்னும் பால் இருக்கிறதே, ஏன் நிறுத்திவிட்டீர்கள்?”

“இரண்டு காம்பு கன்றுக்கு அம்மா. அது அதனுடைய ஹக்கு. நாளை மறுமையில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?”

காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பெயர் பெற்றது, பால் குறைவு. டிராக்டர் வந்தபின் காளைகளுக்கு வேலை குறைந்தது. அதிகம் கறக்கும் கலப்பினங்கள் பெருகின. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது தமிழகமே நாட்டு மாடுகளைப் பற்றிப் பேசியது. பேசியவர் பலர்; வளர்ப்பவர் சிலர். அத்தாவின் கணக்கு நோட்டிலும் வரவைவிடச் செலவே மிகுதியாக இருந்தது.

மூன்றாம் நாள் இஷாத் தொழுகைக்குப் பின், வாசலில் கட்டில் போட்டு அமர்ந்திருந்தபோது விற்பனைப் பேச்சை எடுத்தேன். அத்தா சிறிது நேரம் மௌனமாயிருந்தார்.

“மாட்டை விற்பது ஒரு காலைப் பொழுது வேலை. எந்தக் கிடாரி எதற்கு மிரளும், எந்தப் பசு எந்தப் பசுவின் வயிற்றில் பிறந்தது என்பதெல்லாம் என்னோடு இருக்கிறது. அதை யாரிடம் விற்பேன்? சிறுவயதில் நீயும் கன்றுகளைக் கட்டினாயே, அந்த முடிச்சு நினைவிருக்கிறதா?”

எனக்கு நினைவில்லை. அவ்வளவு வெட்கம் நான் பட்டதில்லை.

மறுநாள் சுப்ஹுக்குப் பின் வெளியே வந்தேன். என் மகன் செவலைக் கன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அதே முடிச்சு! என்னையும் கூப்பிட்டுக் கற்றுக் கொடுத்தான்.

நான் வந்த காரியம் முழுமையாக நிறைவேறவில்லை. 12 மாடுகளை விற்க அத்தா இசைந்தார். 8 இருக்கட்டும் என்றார். செவலைக் கன்று அந்த எட்டில் ஒன்று. அது என் மகனின் வேண்டுகோள். ஒத்தாசைக்கு வரும் ஆள் இனி இரவிலும் தங்குவார். அத்தாவின் காலத்திற்குப் பின் அந்தப் படலைத் திறப்பவர் யார் என்பதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. அரையாண்டு விடுமுறைக்கும் வருவதாகப் பிள்ளைகள் வாக்களித்துள்ளனர், இன்ஷா அல்லாஹ்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்கும் ஊரில் ஒரு நன்னா இருக்கலாம். அவரிடம் மாடு இருக்கலாம், தறி இருக்கலாம், தோணி இருக்கலாம். விற்பதா, வைத்திருப்பதா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அவர் கைகளில் வலு இருக்கும்போதே பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.