கோச்சிக் கணக்கு

ஜனவரி 6, 2025, திங்கள்

வெள்ளிக்கிழமை அம்மாவைக் கண் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அது முடிந்தால் சனிக்கிழமையே ஊருக்குக் கூட்டிப் போய்விடலாம். அடுத்த செவ்வாய் பொங்கல், அதற்கு முதல் நாள் துருத்துப் போயா. சனி, ஞாயிறோடு சேர்த்தால் நாலு நாள் லீவு. கொழும்பில் பாதிப் பேர் ஹட்டனுக்குத்தான் கிளம்புவார்கள். நாங்கள் பொங்கலுக்கு, மற்றவர்கள் சிவனொளிபாத மலைக்கு.

கடை மூடியதும் கோட்டை ஸ்டேஷனில் விசாரித்தேன். ஹட்டன் வழியாகப் போகும் கோச்சிகள் பொடி மெனிகே, உடரட்ட மெனிகே இரண்டிலுமே முன்பதிவு ஆசனம் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பே திறந்து முடிந்துவிட்டதாம். ஒரு மாதத்துக்கு முன் அம்மாவுக்குக் கிளினிக் திகதியே கிடைத்திருக்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

இரவு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒரே கோச்சி, ஒரே தண்டவாளம், கோட்டையிலிருந்து ஹட்டன் வரை சுமார் 173 கிலோமீற்றர். அதற்கு முதலாம் வகுப்பு குளிரூட்டிய பெட்டி ஒரு விலை, இரண்டாம் வகுப்பு முன்பதிவு ஒரு விலை, மூன்றாம் வகுப்பு முன்பதிவு ஒரு விலை. முன்பதிவு இல்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்கு வேறு இரண்டு. முன்பதிவு இல்லையென்றால் தூரக் கணக்கு, அது யாருக்கும் விளங்கும். முன்பதிவு என்று வந்தால் அந்தக் கணக்கு மங்கிவிடுகிறது. நடுவழியில் இறங்குகிறவரும் பல நேரம் நெடுந்தூரம் போகிறவர் அளவுக்குக் கிட்டத்தட்டக் கட்டவேண்டி வரும். இந்தப் பாதையில் நடுவழி என்பது நாங்கள்தான்: வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை. விலைப்பட்டியல் எல்ல வரை ஜன்னலோரம் உட்கார்ந்து படம் எடுக்கிறவரை நினைத்துப் போட்டது போலிருக்கிறது.

முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு மலிவுதான், மறுக்கமுடியாது. போன செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாள் கூலியை 1,350 ரூபா ஆக்கினார்கள். அதில் பாதிக்குள் கொழும்பிலிருந்து ஹட்டன் போய்விடலாம். ஆனால் அது கோச்சியில் ஏறுவதற்கான காசு. உட்காருவதற்கு அதில் இடமில்லை. அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, முப்பது வருசத்துக்கு மேல் கூடை சுமந்த முழங்கால்.

ஜனவரி 8, புதன்

மாமாவுக்கு போன் எடுத்தேன். தலவாக்கலைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். அரச ஊழியர் என்பதால் அவருக்கு வாரண்ட் உண்டு, காசு கட்டாமல் கோச்சியில் போய் வரலாம்.

“அது என் பேருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க பேருக்கும்தாம்மா எழுதலாம். அக்கா பேருக்கு எழுத முடியாது” என்றார். பிறகு அவரே, “அக்காவும் ஒருவகையில அரசாங்கத்துக்குத்தான் கொழுந்து பறிச்சா” என்று சிரித்தார். அம்மா பேர் போட்ட காலத்தில் பாதி அரசுத் தோட்டமாகத்தான் இருந்தது. 1992இல் கம்பனிகளுக்குப் போனது. எந்தக் காலத்திலும் வாரண்ட் வந்ததில்லை.

இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. இந்தப் பாதை பெருந்தோட்டங்களுக்காகப் போட்டது. 1867இல் கண்டி வரை வந்தபோது கோப்பி ஏற்ற, 1885இல் நானுஓயா வரை ஏறியபோது தேயிலை ஏற்ற. பெட்டியில் போன சரக்கைப் பறித்த ஆட்களுக்கு அந்தக் காலத்திலேயே ஒரு பயணச்சீட்டும் இருந்தது. தகரத்தில் வெட்டிய துண்டு. 1901இலிருந்து, தோட்டத்தின் எண் பொறித்த அந்தத் தகரத்தைக் கழுத்திலோ கையிலோ கட்டிக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து கிளம்பினால் வழியில் யாரும் காசு கேட்கமாட்டார்கள். தோட்டத்துக் கணக்கில் எழுதிவிடுவார்கள். தோட்டம் சும்மா விடுமா? இந்தியக் கரையிலிருந்து கூட்டிவந்த செலவு முற்பணமாகத் தொழிலாளியின் தலையில் ஏறியது, கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. கடனை எழுதிய ‘துண்டு’ச் சீட்டால் ஆளைக் கட்டிவைத்த அந்த முறையை 1921இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். டிக்கெட் கையில் இல்லாத பயணம்தான் எங்கள் ஆட்கள் செய்ததிலேயே விலை கூடியது.

ஜனவரி 9, வியாழன்

கடையில் எல்லோரும் அந்தச் செய்தியைத்தான் பேசுகிறார்கள். எல்லப் பக்கம் போகும் கோச்சியின் இ-டிக்கெட் திறந்து 42 விநாடியில் தீர்ந்துவிடுகிறதாம். பிறகு அதே டிக்கெட் வெளிநாட்டுக்காரருக்குப் பல மடங்கு விலைக்குப் போகிறதாம். சி.ஐ.டி. விசாரிக்கிறது. விசாரிக்கட்டும். கள்ள விற்பனை நின்றாலும், மாதக் கடைசியில் சம்பளம் எடுக்கிறவன் ஒரு மாதம் முன்னே டிக்கெட் போடப்போவதில்லை.

பஸ்ஸையும் பார்த்தேன். அவிசாவளை, கித்துல்கல வழியாக ஏறும் பஸ் கோச்சியைவிட வேகம். சாதாரண பஸ்ஸுக்குக் கோச்சியின் மூன்றாம் வகுப்பைவிடக் கூடுதல். அரை சொகுசு என்றால் அதில் ஒன்றரை மடங்கு, ஏ.சி. என்றால் இரண்டு மடங்கு. அந்த அரை எங்கே இருக்கிறது என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை, திரைச்சீலையில் இருக்கலாம். ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டம் என்று பொலிஸ் பஸ்களில் தொங்குவதையெல்லாம் கழற்றுகிறார்களாம், அதுவும் போனால் கட்டணம் மட்டும் மிஞ்சும்.

ஹட்டன் பஸ் எதுவும் இந்தச் சனிக்கிழமை சரிவராது. யாத்திரைக்காரர்கள் வெள்ளி இரவே நிரம்பிவிடுவார்கள். யோசித்துப் பார்த்தால் கூட்டம் ஹட்டனுக்குத்தான், கண்டிக்கு அல்ல. கண்டிக்குக் கோச்சிகள் நிறைய. சாதாரண கோச்சியில் மூன்றாம் வகுப்பில் கண்டிக்குப் போய், அங்கே கிளம்பும் இடத்திலேயே ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் ஆசனம் கிடைக்கும். கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று சுற்றித்தான். நேராகப் போகும் மூன்றாம் வகுப்பைவிடக் கொஞ்சம் கூடும், கொழும்பு ஏ.சி. பஸ்ஸைவிட நன்றாகக் குறையும். நேரம் இரண்டு மணித்தியாலமாவது அதிகம். எங்களிடம் அதுதான் இருக்கிறது.

ஜனவரி 11, சனி

கண்டி வரை அம்மா ஜன்னலோரம். ரம்புக்கனைக்கு மேல் ஏற்றம் தொடங்கியதும், பெரியம்மா இந்தியாவுக்குப் போன நாளைச் சொல்ல ஆரம்பித்தார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் வந்து, ஹட்டனில் ஏற்றித் தலைமன்னாருக்கு அனுப்பிய கோச்சி. “ஸ்டேஷன் பூரா ஒப்பாரி. எவ்வளவு காசு, எந்த வகுப்பு, யாரு கேட்டா அன்னைக்கு?” என்றார். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா புரிந்தோ புரியாமலோ ஒரு அன்னாசித் துண்டு நீட்டினார்.

கண்டியில் இரண்டாவது பஸ்ஸில் இருவருக்கும் ஆசனம். கினிகத்தேனைக்கு மேல் மலைக்குப் போகும் வான்கள் வரிசை, நாங்களும் அதற்குள் ஊர்ந்தோம்.

ஹட்டனில் இறங்க நாலு மணி. எங்கள் தோட்ட டிவிஷனுக்கு பஸ் இல்லை, ஆட்டோதான். சீசன் என்று ஒரு விலை, பொங்கல் என்று ஒரு விலை, தோட்ட ரோடு என்று இன்னொரு விலை. பேசிப் பேசிக் குறைத்த பிறகும், கொழும்பிலிருந்து கண்டிக்கு எங்கள் இருவருக்கும் எடுத்த டிக்கெட்டைவிட அந்தக் கொஞ்சத் தூரத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தேன். அதற்கு மட்டும் மூன்றாம் வகுப்பு இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

புதன்கிழமை காலை திரும்பவேண்டும். கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிட்டேன், ஃபெக்டரியிலிருந்து ஒரு லொறி ஆறு மணிக்கு டவுனுக்குப் போகிறதாம். முன்னால் ஒரு ஆளுக்கு இடம் இருக்கும் என்றார். அங்கிருந்து கொழும்புக்கு முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு. தனியாகத்தானே, நின்றே போய்விடுவேன்.